ஓவியத்தின் ஓரத்தில் ஒரு பெயர்: சென்னை மாகாணத் தாவர ஓவிய நூல்களின் வரலாறு

செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டினால் அது நூற்றாண்டுகள் நிற்கும். நிறம் மட்டும் நிற்காது. ஊதாவும் மஞ்சளும் சில வாரங்களில் ஒரே பழுப்பாகிவிடும். சதைப்பற்றுள்ள தண்டு சுருங்கும். ஆர்க்கிட் பூவின் உதடு தட்டையாகி எந்தப் பக்கம் மடிந்திருந்தது என்பதே தெரியாமல் போகும். உலர்தாவரத் தாள்களோடு வாழ்ந்த நம் துறையினருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உலர்ந்த செடி இழந்ததையெல்லாம் காத்துக் கொடுத்தவர் ஓவியர். தென்னகத்தின் செடிகொடிகள் உலக அறிஞர் கைக்குப் போய்ச் சேர்ந்ததில் பாதி வேலை மருத்துவர்களுடையது. மறு பாதி தூரிகை பிடித்த நம் ஊர்க் கைகளுடையது. இரு கைகளும் சேர்ந்து உருவாக்கிய அரிய நூல்களின் கதையை முறையாகப் பதிவு செய்வது இக்கட்டுரையின் கடமை.

விதை ஊன்றியவர்கள் (1768–1789)

மேற்குக் கரை இவ்வகையில் நமக்கு மூத்தது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடே முன்னின்று நடத்திய ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்துவிட்டது. இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் சொல்லித் தந்த செடியறிவு அதில் செப்புத்தகட்டுப் படங்களாக நின்றது. கிழக்குக் கரை மேலும் 75 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தரங்கம்பாடி என்றதும் 1706-இல் கப்பலிறங்கிய சீகன்பால்கும் தமிழ் அச்சும் நினைவுக்கு வரும். அதே கரையில் 1768-இல் இன்னொருவர் இறங்கினார். லின்னேயசிடம் நேரில் பாடம் கேட்ட யோஹான் கெர்ஹார்ட் கோனிக் அவர். டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தவர், ஆசானின் இருசொல் பெயரிடும் முறையைத் தென்னிந்தியச் செடிகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். மிஷனரிகளும் மருத்துவர்களுமாகச் சிலர் அவரோடு சேர்ந்து, செடிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு சகோதரக் கூட்டமே உருவாயிற்று. மிஷன் தந்த ஊதியம் போதாமல் 1774-இல் ஆற்காட்டு நவாபிடம் பணிக்குச் சேர்ந்தார் கோனிக். 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சென்னையில் தன் இயற்கையியலாளராக அமர்த்தியது. நம் வரலாறு இந்தப் பதவியிலிருந்து தொடங்குகிறது. 1785-இல் வடசர்க்காரில் பயணத்தின் நடுவே அவர் இறந்தார். வாழ்நாள் முழுதும் எழுதிய கையெழுத்துப் படிகளை லண்டனிலிருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

கோனிக்கின் இடத்துக்கு வந்தவர் டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல். விசாகப்பட்டினத்தில் தங்கிப் பாம்புகளையும் மீன்களையும் ஆராய்ந்தார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவரது வண்ணப்பட நூல் 1796-இலும், 200 மீன்களைப் பற்றிய நூல் 1803-இலும் வெளிவந்தன. பாம்புகளுக்கு அந்த வட்டாரத் தெலுங்கு மக்கள் வழங்கிய பெயர்களையே அவர் நூலில் பதித்தார். நம் வயல்வரப்புகளில் உள்ள கண்ணாடி விரியன் உலக வழக்கில் இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. பயன்தரும் செடிகளைப் படத்துடன் தொகுத்து வெளியிட வேண்டும் என்று அரசுக்கு முதலில் எடுத்துச் சொன்னவரும் அவரே. அந்த யோசனை மற்றொருவர் கையில் பெருநூலாயிற்று.

சோழமண்டலக் கரையின் செடிகள் (1789–1820)

வில்லியம் ராக்ஸ்பரோ 1776-இல் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்தவர். கோதாவரிப் படுகையில் சாமல்கோட்டையில் மிளகும் அவுரியும் பயிரிட்டுச் சோதனைகள் நடத்தினார். 1787-இல் அந்தக் கரையில் புயலோடு கடல் உள்ளே புகுந்தபோது அவருடைய நூல்களும் சேகரித்த செடிகளும் வெள்ளத்தில் போயின. வேறொருவராயிருந்தால் அத்துடன் விட்டிருப்பார். ராக்ஸ்பரோ மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இந்திய ஓவியரை ஊதியத்துக்கு அமர்த்திச் செடிகளை வரையச் சொன்னார்.

செடியைக் காலையில் பறித்துக் கொண்டுவந்து வாடுமுன் வரைந்துவிட வேண்டும். முதலில் பென்சிலில் கோட்டுருவம். பிறகு நீர்வண்ணம். இலையின் மேற்பக்கப் பச்சை வேறு, அடிப்பக்கப் பச்சை வேறு. தாளின் கீழே பூவைப் பிரித்து இதழ், மகரந்தத்தாள், சூலகத்தின் குறுக்குவெட்டு, காய், விதை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும். கோயில் சுவரிலும் சீலையிலும் வரைந்து பழகிய கைக்கு இது புதிய இலக்கணம். அந்த இலக்கணத்தை நம்மவர்கள் விரைவில் வசப்படுத்திக்கொண்டார்கள். கூடவே தங்கள் பழைய இலக்கணத்திலிருந்தும் ஒன்றைச் சேர்த்தார்கள். தாளின் ஓரம் வரை கிளையை நிரப்பிப் பரப்பும் துணிவும், அலங்காரக் கோடு போல ஓடும் இலை விளிம்பும் ஐரோப்பிய ஓவியரிடம் காணக் கிடைக்காதவை. இந்நூல்களைப் புரட்டும்போது நம்மை நிறுத்திவைக்கும் அழகு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

1791 முதல் 1794 வரை 500 ஓவியங்கள் கப்பலேறி லண்டன் போயின. அவற்றிலிருந்து 300-ஐப் பேங்க்ஸ் தேர்ந்தெடுத்தார். கம்பெனி இயக்குநர்களின் ஆணைப்படி ‘சோழமண்டலக் கரையின் செடிகள்’ என்ற பெருந்தாள் நூல் 1795-இல் தொடங்கி 1820 வாக்கில் மூன்று தொகுதிகளாக நிறைவு பெற்றது. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். தேக்கும் பலாசமும் அதில் இருக்கின்றன. துணிகளுக்கு அழியாச் சிவப்பைத் தந்து சோழமண்டலக் கரைக்குப் பேர் வாங்கித் தந்த சாயவேர்ச் செடியும் இருக்கிறது. படத்தைச் செதுக்கிய ஆங்கிலேயரின் பெயர் தெரியும், பதிப்பித்தவர் பெயரும் தெரியும். மூல ஓவியத்தை வரைந்தவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. 1793-இல் ராக்ஸ்பரோ கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றுப் போன பிறகும் வரைவுப் பணி தொடர்ந்தது. மொத்தம் 2,500-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் சேர்ந்தன. பெயர் அறியப்படாத அந்த ஓவியர்களுக்கு நம் வணக்கம் முதலில் உரியது.

பதவி போயிற்று, பணி நிற்கவில்லை (1819–1834)

ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியனில் 1796-இல் பிறந்த ராபர்ட் வைட் 1819-இல் கம்பெனி மருத்துவராகச் சென்னை வந்தார். 1826-இல் இயற்கையியலாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. தென்மாவட்டங்களெங்கும் சுற்றிச் செடி சேகரித்தார். ரங்கையா என்ற ஓவியர் அவரோடு சேர்ந்ததும் இக்காலத்தில்தான். தஞ்சாவூர் ஓவிய மரபின் நுணுக்கம் பழகிய கை அவருடையது. அந்தக் கூட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் நீடித்தது.

1828-இல் சோதனை வந்தது. செலவைக் குறைப்பதாகச் சொல்லி மாகாண அரசு அப்பதவியையே எடுத்துவிட்டது. கோனிக் தொடங்கி அரை நூற்றாண்டு நின்ற விளக்கு ஒரே ஆணையில் அணைந்தது. வைட்டை நாகப்பட்டினத்துப் படைப்பிரிவுக்கு மருத்துவராக அனுப்பினார்கள். அங்கே நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் செடிகளுக்கே என்றாயிற்று. சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து ரங்கையாவையும் சேகரிப்பாளர்களையும் தொடர்ந்து வைத்துக்கொண்டார். நாகப்பட்டினத்தில் ரங்கையா தீட்டிய படங்கள் கிளாஸ்கோவிலிருந்த பேராசிரியர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்குப் போய்ச் சேர்ந்தன. ஹூக்கர் அவற்றைத் தம் தாவரவியல் இதழில் வெளியிட்டார். அரசு கைவிட்ட வேலை அயல்நாட்டு இதழொன்றில் அரங்கேறியது.

1831-இல் வைட் விடுப்பில் தாயகம் போனபோது அவர் கொண்டுபோன செடித்தாள்கள் ஒரு லட்சம். எடை இரண்டு டன் இருக்கும் என்பார்கள். நண்பர் வாக்கர்-ஆர்னட்டோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரத் தொகுதியின் முதல் பகுதியை 1834-இல் வெளியிட்டார். அந்த நூலில் படம் இல்லை. படமில்லாத நூல் இந்நாட்டு மாணவர்க்குப் பாதிதான் பயன்படும் என்பதை வைட் உணர்ந்திருந்தார். இந்தியா திரும்பினார். கல்லச்சு முறையைக் கற்றுக்கொண்டார்.

கல்லச்சுக் காலம் (1834–1853)

இந்த 20 ஆண்டுகள் நம் வரலாற்றின் பொற்காலம். ராக்ஸ்பரோவின் ஓவியங்கள் அச்சாக லண்டன் போக வேண்டியிருந்தது. வைட்டின் ஓவியங்கள் சென்னை மாகாணத்திலேயே வரையப்பட்டு, சென்னையிலேயே கல்லில் ஏறி, சென்னையிலேயே அச்சாயின. செப்புத்தகட்டுச் செதுக்கலுக்கு ஆகும் செலவும் காலமும் கல்லச்சுக்கு இல்லை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசை மையால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால் கோடுள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். முறை எளிது. சென்னை வெயிலில் அதை நடத்துவது எளிதாக இருக்கவில்லை. நல்ல கல், நல்ல தாள், பழகிய அச்சர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவது அரிது. தேறாத படங்களை மறுபடி வரைந்தும் மறுபடி அச்சிட்டும், வைட் பணியை விடாமல் நடத்தினார்.

1838-இல் ‘இந்தியத் தாவரவியல் விளக்கப்படங்கள்’ வரத் தொடங்கியது. குடும்பத்துக்குக் குடும்பம் விளக்கமும் கைவண்ணம் தீட்டிய படமுமாக 1850 வரை வந்தது அந்நூல். அதே ஆண்டுகளில் ‘ஐகோனெஸ்’ என்று நம் துறையினர் சுருக்கமாக அழைக்கும் பெருந்தொகுப்பும் எழுந்தது. ‘கிழக்கிந்தியச் செடிகளின் உருவங்கள்’ என்று பொருள்படும் லத்தீன் தலைப்புடைய அந்நூல் 1853-இல் ஆறு தொகுதிகளோடு முடிந்தபோது அதில் 2,101 படங்கள் இருந்தன. விலை குறைய வேண்டும், பலர் கைக்கும் போக வேண்டும் என்பதற்காகவே அவற்றுக்கு வண்ணம் தீட்டாமல் கோட்டுருவமாக விட்டார் வைட். தென்னிந்தியச் செடிகளுக்கு அந்நாளில் அத்தனை பெரிய படத்தொகுப்பு வேறு இல்லை. நீலகிரிச் செடிகளுக்கென்றே ‘ஸ்பிசிலேஜியம் நீல்கெரென்ஸ்’ என்ற வண்ணநூலும் அந்நாட்களிலேயே பிறந்தது.

1842-இல் அரசு அவரைப் பருத்திச் சோதனைக்காகக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது. கரிசல் காட்டில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்க முயல்வது அவருக்கு அலுவல். ஐகோனெஸ் அவருக்கு வாழ்க்கை. ரங்கையாவின் காலம் 1845 வாக்கில் முடிந்தது. அவர் விட்ட இடத்தில் கோவிந்து தொடர்ந்தார். ரங்கையாவின் கை அமைதியானது. கோடு தயங்காது, வண்ணம் கனக்காது. கோவிந்துவுக்குச் செடியின் அசைவில் கண். குறிப்பாக ஆர்க்கிட் வகைகளில் அவர் காட்டிய கவனத்தை வைட் நன்கு அறிந்திருந்தார்.

நம் மரபின் பெருமை எல்லாவற்றிலும் இங்கே பதிய வேண்டியது ஒன்று உண்டு. இந்நூல்களின் படங்களில் கீழ் ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘ரங்கையா’ என்றும், பிற்பகுதியில் ‘கோவிந்து’ என்றும் பெயர் இருக்கிறது. ‘வரைந்தவர்’ என்பதைக் குறிக்கும் லத்தீன் சுருக்கமும் பக்கத்தில் இருக்கும். ராக்ஸ்பரோ காலத்தில் பெயரில்லாமல் இருந்த கை இங்கே பெயர் பெற்றது. வைட் அதோடும் நிற்கவில்லை. ஐகோனெஸின் கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயர் சூட்டினார். பேரினப் பெயர் என்பது தாவர அறிஞர்கள் ஆளுநர்களுக்கும் புரவலர்களுக்கும் தம் ஆசான்களுக்கும் கொடுக்கும் மரியாதை. அது இங்கே கூலிக்கு வரைந்த ஓர் இந்திய ஓவியருக்குக் கிடைத்தது. அச்செடி பின்னாளில் ‘ட்ரோபிடியா’ என்ற பேரினத்தோடு சேர்க்கப்பட்டாலும் கோவிந்துவின் பெயர் தாவரப் பெயர்ப் பதிவேட்டில் நிலைத்திருக்கிறது.

இதே ஆண்டுகளில் சென்னையின் அறிவுலகமும் தழைத்தது. 1812-இல் தோன்றிய சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழில் வைட்டும் பறவையறிஞர் ஜெர்டனும் எழுதினார்கள். 1835-இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் பிறந்தது. ஜெர்டனின் பறவை நூல் 50 படங்களோடு 1843 முதல் 1847 வரை சென்னையிலிருந்து வந்தது. அப்படங்களின் மூல ஓவியங்களையும் இந்திய ஓவியர்களே வரைந்தார்கள். 1853-இல் வைட் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பி, 1872-இல் மறைந்தார்.

காடும் கலைப்பள்ளியும் (1850–1882)

சென்னையிலேயே பிறந்த ஹியூ கிளெக்ஹார்ன் அடுத்து வருகிறார். ஷிமோகாவில் இளம் மருத்துவராக இருந்தபோது நாளுக்கு ஒரு செடி என்று கணக்கு வைத்து உள்ளூர் ஓவியரைக் கொண்டு வரையச் செய்தவர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். 1856-இல் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் பொறுப்பு அவருக்கு வந்தது. 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் நிறுவிய சென்னைக் கலைப்பள்ளியின் மாணவர்களையும் தாவர ஓவியத்தில் ஈடுபடுத்தினார். குருவிடமிருந்து மாணவனுக்கு வீட்டுக்குள் இறங்கிவந்த கலை பள்ளிக்கூடப் பாடமானது அப்போதுதான். வைட்டிடமிருந்த கோவிந்து கிளெக்ஹார்னுக்கும் வரைந்தார்.

கிளெக்ஹார்னுக்கு உதவியாளராக வந்து 1860-இல் பொறுப்பேற்ற கர்னல் பெட்டோம் படைவீரர்; காட்டில் நடப்பதற்கு அஞ்சாதவர். ஆனைமலை, பழனிமலை, நீலகிரி என்று ஏறியிறங்கிப் பெரணிகளைத் தேடினார். ‘தென்னிந்தியப் பெரணிகள்’ 1863 முதல் 271 படங்களோடு சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த கான்ட்ஸ் சகோதரர் அச்சகத்தில் உருவாயிற்று. 1869 முதல் 1874 வரை வந்த ‘தென்னிந்தியக் காட்டு மரங்கள்’ நூலில் 330 படங்கள். வைட்டின் நூலின் பெயரையே தாங்கி, அவர் விட்ட இடத்தை நிரப்பும் வகையில் 300 படங்களுடன் இன்னொரு ‘ஐகோனெஸ்’ நூலையும் பெட்டோம் வெளியிட்டார். இவற்றிலும் கோவிந்துவின் கை இருக்கிறது. மருத்துவர், பேராசிரியர், படைவீரர் என்று ஆசிரியர்கள் மாறினார்கள். மூவருக்கும் துணைநின்ற தூரிகை ஒன்றே.

ஊட்டியிலிருந்து கோவைக்கு (1883–1936)

1883-இல் அரசுத் தாவரவியலாளராக வந்த லாசன் காலத்தில் உதகமண்டலம் துறையின் இருப்பிடமாயிற்று. 1896-இல் அவர் மறைந்த பின் பார்பர் பொறுப்பேற்றார். 1909 அளவில் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்கு மாகாண உலர்தாவரகம் வந்து சேர்ந்தது. வைட் பருத்தியோடு போராடிய அதே ஊருக்கு அவர் மரபின் செடித்தாள்கள் திரும்பி வந்தது பொருத்தமானதே.

மாநிலக் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் பைசன் ‘நீலகிரி, பழனிமலை உச்சிகளின் தாவரங்கள்’ நூலை 1915-இலும் 1920-இலும் மூன்று தொகுதிகளாகக் கொணர்ந்தார். இதற்குப் படம் வரைந்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் பூர்னின் துணைவியார் லேடி பூர்ன். கோடைக்கானல் சரிவுகளில் செடி சேகரித்துக்கொண்டே அவற்றை வரைந்தவர் அவர். மருத்துவரும் படைவீரருமாக நிறைந்திருந்த இந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் சிறப்பிடம் பெற்றது இந்த நூலால்தான். காம்பிள் தொடங்கி, அவர் 1925-இல் மறைந்த பின் பிஷர் 1936-இல் முடித்த ‘சென்னை மாகாணத் தாவரத் தொகுதி’யில் பக்கத்துக்குப் பக்கம் வைட், பெட்டோம் படங்களுக்கு மேற்கோள் வரும். எழுத்தில் ஐயம் வந்தால் படத்தைப் பார் என்பதே அந்நூலின் முறை.

விடுதலைக்குப் பின்

1890-இல் தோன்றிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தை விடுதலைக்குப் பின் புதுப்பித்து அமைக்கும் பொறுப்பு டாக்டர் ஜானகி அம்மாளிடம் தரப்பட்டது. சென்னையில் கற்பித்து, கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆராய்ந்தவர் அவர். 1955-இல் ஆய்வகத்தின் தென்வட்டம் கோவையில் அமைந்து, மாகாண உலர்தாவரகமும் அதன் பொறுப்பில் சேர்ந்தது.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினட் உலர்தாவரகத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ, ‘தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரத் தொகுதி’யை 1980-களில் முடித்தார். அதற்கும் பழனிமலைத் தாவரங்களுக்கும் கோட்டோவியத் தொகுதிகளைத் தனியாகவே வெளியிட்டார். கேமரா கைக்கு வந்துவிட்ட காலத்திலும் அவர் கோட்டோவியத்தை விடவில்லை. புகைப்படம் தன் முன்னால் நிற்கும் ஒரு செடியைக் காட்டும். ஓவியமோ பல செடிகளைக் கண்டு, அந்த இனத்துக்குப் பொதுவானதைத் தேர்ந்து காட்டும். 2004-இல் விபத்தொன்றில் அவர் மறையும் வரை அந்தப் பணி ஓயவில்லை.

நன்றிக் கடன்

எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில் ரங்கையாவும் கோவிந்துவும் தீட்டிய 700-க்கும் மேற்பட்ட மூல ஓவியங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அங்கு பணியாற்றிய தாவரவியலாளர் ஹென்றி நோல்டி 2007-இல் வைட்டையும் இவ்விருவரையும் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து ஆகிய பெயர்களை வைட்டின் பெயரோடு பொறித்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஓரத்துப் பெயர் அட்டைக்கு வந்து சேர்ந்தது.

ஐகோனெஸ் இன்று அரிய நூல். கண்ணாடிப் பேழையிலிருந்து எடுத்துத் தருவார்கள். மின்னூலாகவும் படிக்கக் கிடைக்கிறது. இம்மலரின் வாசகர்கள் எவ்வகையில் அதைத் திறந்தாலும் ஒன்று செய்ய வேண்டும். செடியின் பெயரைப் படிப்பதற்கு முன், பூவின் அழகைப் பார்ப்பதற்கும் முன், தாளின் கீழ் ஓரத்தில் இருக்கும் அந்தச் சிறிய எழுத்துகளை ஒருமுறை படித்துவிடுங்கள். நம் வரலாறு அங்கேதான் கையெழுத்திட்டிருக்கிறது.